வால் இல்லாப் பூனையும் மூளை உள்ள வண்டியும்

பூனைக்கு வால் கிடையாது. கொடியிலே மூன்று கால். ஊரைத் தாண்டிவிட்டால் சாலையில் வேகத்துக்கு எல்லை இல்லை. "இப்படி ஒரு தேசம் இருக்கிறதா, அல்லது பாட்டி சொன்ன கதையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில், மூடுபனிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் ஐல் ஆஃப் மேன் என்ற தீவுதான் அது.

மொத்தப் பரப்பு 572 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய 84,000. பிரிட்டிஷ் மன்னரின் ஆதீனத்துக்கு உட்பட்டதே ஒழிய, பிரிட்டனின் ஒரு பகுதி அல்ல. 'டின்வால்ட்' என்ற சொந்தப் பார்லிமெண்டு உண்டு. அதன் வயது ஆயிரம் வருஷத்துக்கு மேல் என்று தீவுக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். கொடியிலுள்ள மூன்று கால்களும் ஒரு சக்கரம் போல் சுழல்கின்றன. "எந்தப் பக்கம் தூக்கி எறிந்தாலும் நிற்கும்" என்பது அந்தச் சின்னத்துக்குரிய வாசகம். மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் போன ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வாசகத்தை யார் எழுதிவிட முடியும்?

வருஷம் பூராவும் ஆடும் மாடும் மேய்ந்துகொண்டிருக்கும் இந்தச் சாதுத் தீவுக்கு மே மாதக் கடைசியில் ஓர் ஆவேசம் வந்துவிடுகிறது. டூரிஸ்ட் டிராபி, சுருக்கமாக டி.டி., என்னும் பந்தயம் ஆரம்பமாகிறது. கப்பல் கப்பலாக மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்குகின்றன. டக்ளஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நிற்கிற வரிசையைப் பார்த்தால், தேர்த் திருவிழாவன்று கோயில் வாசலில் செருப்புகள் கிடக்கும் காட்சிதான் ஞாபகத்துக்கு வருகிறது!

சட்டம் போட்டுப் பிறந்த பந்தயம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மணிக்கு 20 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். பொதுச் சாலையை அடைத்துப் பந்தயம் நடத்தவும் அங்கே வழியில்லை. மோட்டார் பிரியர்கள் ஐல் ஆஃப் மேனின் கதவைத் தட்டினார்கள். 1904-ல் டின்வால்ட் ஒரு சட்டம் செய்து, பந்தயத்துக்காகச் சாலைகளை அடைக்க அனுமதி தந்தது. 1907-ல் முதல் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒற்றைச் சிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் மாட்ச்லெஸ் வண்டியில் மணிக்கு 38 மைல் சராசரி வேகத்தில் வந்து ஜெயித்தார். இரட்டைச் சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் என்பவர் நார்ட்டன் வண்டியில் வென்றார். நார்ட்டன் என்ற பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

1911-லிருந்து பந்தயம் மலைப்பாதைக்கு ஏறிவிட்டது. ஒரு சுற்று 37.73 மைல், அதாவது 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகள். ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பத்து விநாடி இடைவெளியில் புறப்படுகிறார்கள். 1957-ல் பாப் மெக்கின்டயர் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடித்தபோது உலகம் மூக்கில் விரலை வைத்தது. 2023-ல் பீட்டர் ஹிக்மன் என்பவர் அதே சுற்றை 136.358 மைல் வேகத்தில், பதினேழு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஹிக்மன் ஓட்டியது பல கோடி கொட்டிச் செய்த தனிப் பந்தய யந்திரம் அல்ல. கடையில் விற்கிற வண்டியை அதிகம் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்ற பிரிவில், பி.எம்.டபிள்யூ. வண்டி ஒன்றில் அந்தச் சாதனையைச் செய்தார். கடை வண்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் நம் கதையின் இரண்டாவது கதாநாயகனாகிய 'மின் மூளை' பிரவேசிக்கிறது.

அண்ணி கொடுத்த உத்தியோகம்

நான் இந்தத் தீவுக்குப் போனது பந்தய ஆசையால் அல்ல. என் அண்ணன் மகன் மாஞ்செஸ்டரில் உத்தியோகம் பார்க்கிறான். நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அண்ணி என் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "தம்பி, அவன் என்னமோ ராட்சச மோட்டார் சைக்கிள் வாங்கப் போறானாம். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க நாலு நல்ல வார்த்தை சொல்லித் தடுத்துட்டு வாங்க."

பையனிடம் விஷயத்தை எடுத்தேன். அவன் சண்டை போடவில்லை. "சித்தப்பா, ஒரே ஒரு நிபந்தனை. என்னோடு ஐல் ஆஃப் மேனுக்கு வாங்க. அந்த மாதிரி வண்டி ஓட்டுறவங்க அங்கே ஆயிரக்கணக்கில் வருவாங்க. நீங்களே கேளுங்க. அப்புறம் சொல்லுங்க, நான் கேக்கிறேன்" என்றான். ஹேஷம் துறைமுகத்தில் கப்பலேறினோம். நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பிரயாணம். கப்பலின் அடித் தட்டில் நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள், கயிறு போட்டுக் கட்டிய கன்றுக்குட்டிகள் போல் வரிசையாக நின்றன.

போகிற வழியில் பையன் எனக்குப் பாடம் எடுத்தான். பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஒரு கம்பி போய் எஞ்சினின் வாயைத் திறக்கும். புது வண்டியில் அந்தக் கம்பி இல்லை. முறுக்கியவுடன், "ஐயா இவ்வளவு கேட்கிறார்" என்று மின் மூளைக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. கொடுக்கலாமா, குறைக்கலாமா என்று அது முடிவு செய்கிறது!

எதை வைத்து முடிவு செய்கிறது? வண்டியின் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் ஆகிய மூன்று திசை அசைவுகளையும், மூன்று விதச் சுழற்சிகளையும் அது விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அளக்கிறது. வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, முன் சக்கரம் தூக்குகிறதா, பின் சக்கரம் வழுக்குகிறதா எல்லாம் அதற்குத் தெரியும். பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால், 'வழுக்குகிறது' என்று புரிந்துகொண்டு எஞ்சினை அடக்குகிறது. வளைவில் சாய்ந்திருக்கும்போது பயந்து பிரேக்கைப் பிடித்தால், சக்கரம் இறுகிவிடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. மழைக்கு ஒரு குணம், சாலைக்கு ஒரு குணம், பந்தயத்துக்கு ஒரு குணம் என்று பொத்தானை அழுத்தி அதன் சுபாவத்தையே மாற்றலாம்.

இவை ஒரே நாளில் வந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் மின்சார ஏ.பி.எஸ். பிரேக்கை 1988-ல் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்தது. 2009-ல் அந்தக் கம்பெனி அறிமுகப்படுத்திய எஸ் 1000 ஆர்ஆர் வண்டியில், 193 குதிரை சக்திக்குக் கடிவாளமாக, சாய்வை அறிந்து வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. அதில் 'ஸ்லிக்' என்ற உச்ச குணம் வேண்டுமானால், இருக்கைக்கு அடியில் ஒரு சிறு சாவியைச் செருகியாக வேண்டும். விளையாட்டாகக் கைபட்டு அந்தக் குணம் வந்துவிடக் கூடாதே! 2015-ல் யமஹா ஆர் 1 வண்டி, ஆறு விதமாக அளக்கும் அந்தத் தீப்பெட்டியோடு வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அந்த வழியிலே நடக்கத் தொடங்கின.

மலைப்பாதையில் ஒரு சுற்று

பந்தயமில்லாத வேளையில் இந்தப் பாதை சாதாரணப் பொதுச் சாலைதான். ஒரு வாடகைக் காரில் சுற்றி வந்தோம். புறப்பட்டவுடனேயே பிரே ஹில் என்ற சரிவு. இருபுறமும் வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டிகள், ஓரத்தில் விளக்குக் கம்பங்கள். நம் ஊரில் தயிர்க்காரி கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற மாதிரித் தெரு. இந்தச் சரிவில்தான் பந்தய வீரர்கள் அம்பு போல் இறங்குகிறார்கள்.

மேற்கே போய் வடக்கே திரும்பினால் பாலாஹ் என்ற கிராமம் வருகிறது. அங்கே ஆமை முதுகு போன்ற ஒரு சின்னப் பாலம். வேகமாக வருகிற வண்டி அதன்மேல் ஏறியதும் இரு சக்கரமும் ஆகாயத்தில் பறக்கும். 1939-ல் பி.எம்.டபிள்யூ. குழுவுக்காக வந்த கார்ல் கால் என்ற ஆஸ்திரிய வீரர், பயிற்சியின்போது இந்த இடத்தில் விழுந்து உயிர் நீத்தார். அவருடைய தோழர் கியார்க் மெய்யர் அந்தத் துயரத்தோடேயே பந்தயத்தில் கலந்துகொண்டு, தலையாய சீனியர் கோப்பையை வென்றார். அதற்குச் சரியாக எழுபத்தைந்து வருஷம் கழித்து, 2014-ல், மைக்கேல் டன்லப் மறுபடியும் ஒரு பி.எம்.டபிள்யூ. வண்டியில் அந்தக் கோப்பையைக் கைப்பற்றினார். மெய்யருக்குத் துணை இரண்டு கையும் இரண்டு காலும். டன்லப்புக்கு அவற்றோடு ஒரு மின் மூளையும் கூட இருந்தது.

ஆனால் இந்தப் பாலம் மின் மூளைக்கும் ஒரு பரீட்சை வைக்கிறது. ஆகாயத்தில் பறக்கும்போது பின் சக்கரம் பிடிப்பின்றி விர்ரென்று சுற்றும். வழவழப்பான பந்தய மைதானத்தில் பாடம் படித்த மூளை அதை வழுக்கல் என்று எண்ணி எஞ்சினை அடக்கிவிட்டால்? ஆகவே, இங்கே வருகிறவர்கள் அதற்கு இந்தத் தீவின் மேடு பள்ளங்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எம்.ஏ. படித்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்குக் கிராமத்து வாய்க்கால் வரப்பைக் காட்டிக்கொடுக்கிற மாதிரிதான்!

ராம்ஸி நகரம் தாண்டியதும் மலை ஏற்றம். மரமே இல்லாத பச்சைச் சரிவுகள், கம்பளி மூட்டைகளாக ஆடுகள், திடீரென்று வந்து மறைக்கும் பனி. ஸ்னேஃபெல் சிகரத்தின் அடியில், பங்களோ என்ற இடத்தில், ஜோயி டன்லப்பின் சிலை வண்டிமேல் அமர்ந்தபடி பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்கேலுக்குப் பெரியப்பா முறை. இருபத்தாறு முறை டி.டி. வென்றவர். 2000-ல் எஸ்டோனியாவில் ஒரு பந்தயத்தில் காலமானார். சிலையின் காலடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தன. பையன் ஹெல்மெட் போட்டிராதபோதும் கையை நெற்றிவரை கொண்டுபோய் வணக்கம் சொன்னான். இந்த மலைப்பாதை 1911-லிருந்து வாங்கிய உயிர்கள் 260-க்கும் அதிகம். அந்தக் காற்றில் நிற்கும்போது அண்ணியின் முகம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை.

நாலு பேர், நாலு அபிப்பிராயம்

கிரெக்-னி-பா என்ற வளைவில் ஒரு சாப்பாட்டு விடுதி. சவாரிக்காரர்கள் கூடும் சந்தை அது. கையில் தேநீர்க் கோப்பையோடு என் விசாரணையை ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கிழவர். பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் வண்டி. கீழே சொட்டுச் சொட்டாக எண்ணெய். "வண்டி மன்னிக்க மன்னிக்க, ஓட்டுகிறவன் கற்றுக்கொள்வதே இல்லை. என்னுடைய மின் மூளை இதோ!" என்று வலது மணிக்கட்டைக் காட்டினார். "இந்த மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஐம்பது வருஷமும் மூன்று எலும்பு முறிவும் ஆயிற்று" என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்து ஓர் அம்மாள். ஆஸ்பத்திரியில் நர்ஸு. ஆயிரம் சி.சி. புது வண்டி வைத்திருந்தாள். "மலையில் மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்குள் பயந்துபோய் பிரேக்கை அழுத்திவிட்டேன். பழைய வண்டியாக இருந்தால் என்னை வேலியில் எறிந்திருக்கும். இது ஒரு நடுங்கு நடுங்கி நேராகிவிட்டது. பெரியவர் சொல்லும் பாடத்தை நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் எலும்பு முறியாமல் கற்றுக்கொண்டேன்" என்று சிரித்தாள். கிழவர் தம் தேநீரைப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாமவர் ஜெர்மனியிலிருந்து சாலை வழியாகவே வந்தவர். அவருக்கு வேறு குறை. "இதன் திரையில் உள்ள பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. முன்னெல்லாம் வழியில் நின்றுபோனால் ஒரு குறடும் துண்டுக் கம்பியும் போதும். இப்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டரோடு ஒருவர் வர வேண்டும்" என்றார். வண்டியின் விசுவாசத்தில் அவருக்குச் சந்தேகமில்லை, வைத்தியத்தில்தான் சந்தேகம்.

நாலாவது ஆசாமி பந்தயப் பாதையில் கொடி காட்டி எச்சரிக்கும் தொண்டர். இப்படி ஐந்நூறுக்கு மேற்பட்ட தொண்டர்கள் நின்றால்தான் பாதையே பந்தயத்துக்குத் திறக்கும். எல்லார் பேச்சையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அந்த மூளைக்கு, தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே கல் சுவர் இருக்கலாம், பனி இருக்கலாம், ஆடு இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்வது வண்டியின் வேலை அல்ல."

யோசித்துப் பார்த்தால், நமக்கு இது புதிய விஷயமா என்ன? நம் ஊர் மாட்டு வண்டிக்காரர் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது கண்ணயர்ந்துவிடுவார். மாடுகள் பள்ளத்தைத் தவிர்த்து, மேட்டைச் சுற்றி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். யோசிக்கிற வண்டியை நம் தாத்தாக்களே ஓட்டியிருக்கிறார்கள். ஆனால், எதிரே லாரி வருகிற தார்ச் சாலைக்கு வந்ததும் அவர்கள் விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

திரும்பும் கப்பலில் நான் பையனுக்கு உபதேசம் செய்யவில்லை. அவனே நெடுநேரம் கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தப்பா, வண்டியைப் பத்தி எனக்குப் பயமில்லை. எனக்கு இன்னும் அந்தத் தொண்டர் சொன்ன மூளை வரலை. இப்ப இருக்கிற சின்ன வண்டியிலேயே ஒரு வருஷம் மைதானத்தில் ஒழுங்காப் படிக்கிறேன். அப்புறம் வாங்கிக்கிறேன்." அண்ணிக்குப் போனில் இதைச் சொன்னேன். "ஒரு வருஷமா? தாராளமாப் போதும். அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சுடலாம். அப்புறம் தடுக்கிறதுக்கு வேற ஆள் வந்துடுவா" என்றாள்!

ஒசூருக்கு வந்த உறவு

எங்கோ இருக்கிற தீவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். பந்தய யந்திரத்தில் ஏறிய மூளை படிப்படியாக இறங்கி நம் தெருவுக்கே வந்துவிட்டது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்று இந்திய அரசாங்கம் விதித்தது. 2013-ல் டி.வி.எஸ். கம்பெனியும் பி.எம்.டபிள்யூ.வும் கைகோத்ததன் பலனாக, 310 சி.சி. வண்டிகள் ஒசூரில் உருவாகிக் கப்பலேறின. 2023-ல் வந்த டி.வி.எஸ். வண்டி ஒன்றிலேயே, சாய்வை அளந்து பிரேக்கை அடக்கும் அந்தத் தீப்பெட்டி இடம் பெற்றது.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, நார்ட்டன்? 1907-ல் முதல் டி.டி.யில் வென்ற அந்தப் பெயரை 2020 ஏப்ரலில் விலைக்கு வாங்கியது நம் டி.வி.எஸ்.தான். 2025 நவம்பரில் மிலான் கண்காட்சியில் நார்ட்டன் காட்டிய 1200 சி.சி. சூப்பர் பைக்குக்கு 'மாங்க்ஸ் ஆர்' என்று பெயர். மாங்க்ஸ் என்றால் ஐல் ஆஃப் மேனுக்கு உரியது என்று அர்த்தம். தீவின் பெயரைச் சுமக்கும் யந்திரத்துக்கு இப்போது தமிழ்நாட்டில் பிறந்த வீடு!

தீவில் டக்ளஸுக்குத் தெற்கே ஃபேரி பாலம் என்று ஒன்று உண்டு. அதைக் கடக்கிறவர்கள் அங்கே குடியிருக்கும் தேவதைகளுக்கு 'வணக்கம்' சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது ஐதிகம். விநாடிக்கு நூறு கணக்குப் போடும் வண்டியில் வந்தவர்களும் அங்கே வேகத்தைக் குறைத்து, தலையைச் சாய்த்து, முணுமுணுத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஜாதியைச் சேர்ந்த எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கம் எறிந்தாலும் நிற்கும் என்பது மூன்று கால் சின்னத்துக்குப் பொருந்தலாம். மனிதனுக்கு இரண்டே கால். அவன் வண்டியின் மூளையை நம்பலாம்; தன் மூளையை வீட்டிலே வைத்துவிட்டு மட்டும் புறப்படக் கூடாது.